பினாங்கு வீட்டுக்கு ஒரு பெரிய டரான்டுலா: இனத்தேர்வும் கூடமைப்பும்

பினாங்கின் ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில், இரும்பு அடுக்கின் கீழ்த்தட்டில், பெரிய கூடு ஒன்றை வைப்பதற்கு மட்டுமே இடம் மிச்சமிருந்தது. என் சேகரிப்பில் அதுவரை இருந்தவை எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் டரான்டுலாக்கள், அதாவது முடி அடர்ந்த பருத்த சிலந்திகள். அந்த ஓரிடத்துக்கு, முழு வளர்ச்சியில் கால்களை விரித்தால் ஏறக்குறைய ஒரு சாண் வரும் இனமொன்றைத் தேர்ந்தெடுத்துக் குடியமர்த்திய வேலையை இங்கே பதிவு செய்கிறேன். பெரிய இனங்களின் பெண் சிலந்திகள் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியவை. அவ்வளவு காலம் ஒரே அறையில் நம்மோடு இருக்கப்போகும் உயிரை, கண்காட்சிப் படத்தில் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுப்பது முறையாகாது. அதனால் அறையிலிருந்து தொடங்கினேன்.

பெரிய டரான்டுலாக்களைப் பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழ்பவர்கள் எழுதியவை. அவர்களுடைய அறைகள் ஆண்டின் பாதி நாள் குளிர்ந்தும் வறண்டும் கிடப்பதால், சூடேற்றும் விரிப்பைப் பொருத்து, நீர் தெளி, மேல்மூடியைப் பாதி மறைத்து ஈரத்தைக் காப்பாற்று என்றே அறிவுரை போகும். பினாங்கில் நிலைமை வேறு. அடுக்கு நின்ற இடத்தில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் கருவியை வைத்து, காலை, பிற்பகல், நள்ளிரவு என்று சில வாரங்கள் குறித்துவந்தேன். இரவில் 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியது அரிது. பிற்பகலில் 31 வரை ஏறியது. ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 85 விழுக்காட்டுக்குள் நின்றது. மேற்குச் சுவரை ஒட்டிய மூலையில் மட்டும் மாலை வெயில் சுவரைக் காய்ச்சி, வெப்பத்தை 33 டிகிரிக்கு மேல் கொண்டுபோயிற்று. ஆகவே சிலந்தி வருவதற்கு முன்பே அடுக்கை உள்சுவருக்கு நகர்த்தி வைத்தேன்.

இந்த எண்கள் கையில் கிடைத்ததும் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிட்டது. அறை வெப்பத்தைக் கூட்டுவது எளிது. குறைக்க வேண்டுமானால் நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓட வேண்டும். ஆண்டீஸ் மலைச்சரிவுகளின் குளிர்ந்த ஈரக்காடுகளிலிருந்து வரும் பாம்ஃபோபீட்டியஸ் பேரினத்துச் சிலந்திகள், அவற்றின் ஊதாப் பளபளப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், இதனால் விலகின. ஈரத்தைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்தேன். நம் ஊர் அடுக்குமாடி அறையில் சிலந்திக்கு வறட்சியால் வரும் கேட்டைவிட, அசையாமல் தேங்கி நிற்கும் ஈரக்காற்றால் வரும் கேடே அதிகம். ஈரமண் இரண்டே வாரத்தில் பூஞ்சை பூத்து, அதில் உண்ணிகளும் சிறு ஈக்களும் பெருகும். எனவே ஈரமண்ணைக் கட்டாயமாகக் கேட்கும் இனமா, உலர்ந்த மண்ணில் நிறைவாக வாழும் இனமா என்பதை, உருவ அளவுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வியாக வைத்துக்கொண்டேன்.

பெரிய டரான்டுலா என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது தெரஃபோசா பேரினத்தைத்தான். 1804இல் பிரெஞ்சு அறிஞர் லாட்ரெய் விவரித்த தெரஃபோசா ப்ளோண்டி, உடல் எடையில் உலகின் மிகப் பெரிய சிலந்தி. 1965 ஏப்ரலில் வெனிசுவேலாவின் ரியோ காவ்ரோவில் பிடிபட்ட ஆண் ஒன்றின் கால்விரிப்பு 28 செ.மீ. என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. கடைகளில் இந்தப் பெயரில் விற்கப்படுபவை பல நேரங்களில் அதன் உறவான தெரஃபோசா ஸ்டிர்மியாக இருக்கும்; அது தனி இனமாக விவரிக்கப்பட்டது 2010இல்தான். முன்கால்களின் முட்டிப் பகுதியை அடிப்பக்கமாகப் பார்த்தால், ப்ளோண்டிக்கு அங்கே நீண்ட முடிகள் இருக்கும், ஸ்டிர்மிக்கு வழுக்கையாக இருக்கும். மூன்றாவது இனமான தெரஃபோசா அப்போஃபிசிஸின் வளர்ந்த ஆணுக்கு முன்கால்களில் கொக்கிகள் உண்டு. மற்ற இரண்டின் ஆண்களுக்கும் அவை இல்லை. விலையில் பெரிய வேறுபாடு இருப்பதால், வாங்குகிறவர் இந்த அடையாளங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

தெரஃபோசாவுக்குப் பினாங்கின் வெப்பம் ஒத்துப்போகும். ஆனால் அதன் மண் எப்போதும் ஈரமாகவும் காற்று எப்போதும் புதிதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மூடிய அறையில் ஒருசேர வைத்திருப்பது தினசரி வேலை. அதைக்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். நான் அதைக் கைவிட்டதற்குக் காரணம் சுணைமுடிகள்.

அமெரிக்கக் கண்டங்களின் டரான்டுலாக்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றின் மேற்புறத்தில், கண்ணுக்கு ஒரு மங்கலான திட்டாகத் தெரியும் இடத்தில், பல்லாயிரம் நுண்முடிகள் அடர்ந்திருக்கும். ஒவ்வொரு முடியிலும் பின்னோக்கிய முட்கள் உண்டு. சிலந்திக்கு அச்சம் ஏற்பட்டால் பின்னங்காலால் அந்தத் திட்டை வேகமாகத் தேய்க்கும். முடிகள் பிய்ந்து காற்றில் மிதக்கும். தோலில் பட்டால் நாள்கணக்கில் அரிப்பு. மூச்சில் போனால் தும்மலும் இருமலும். கண்ணின் விழிவெண்படலத்தில் குத்தினால் கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். வளர்ப்போர் பலரும் ஒப்புக்கொள்வது போல, இவற்றுள் தெரஃபோசாவின் முடிகள்தாம் மிகக் கொடியவை. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஆஸ்துமா. பின்னறைக்கும் அவருடைய அறைக்கும் இடையே ஒரு சுவர்தான், இரண்டு அறைகளிலும் கூரை விசிறிகள் ஓடும். இந்த வீட்டில் எவர் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு இனத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது லாசியோடோரா பராஹைபானா. பிரேசிலின் வடகிழக்கில் பராயிபா மாநிலத்துக் கம்பினா கிராண்டேயில் கண்டறியப்பட்டு, 1917இல் மெல்லோ லெய்டாவோ விவரித்த இனம். இருபது செ.மீ.க்கு மேல் வளரும், விரைவாக வளரும், தின்பதில் தயக்கமே காட்டாது. ஒரே முட்டைப்பையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகள் வருவதால் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பெரிய இனங்களை முதன்முதலாக வளர்ப்பவருக்கு இதையே பலரும் பரிந்துரைப்பார்கள். தனியறையும் ஆரோக்கியமான நுரையீரலும் உள்ள வீடு என்றால் நானும் பரிந்துரைப்பேன். கறுப்பு வெள்ளைக் கால்வரிகளுடன் கம்பீரமாக இருக்கும் அகாந்தோஸ்குரியா ஜெனிகுலாட்டாவும் இதே வகைதான். இரண்டுமே சுணைமுடிகளை உதறத் தயங்காதவை.

சுணைமுடியே வேண்டாமென்றால் ஆசியாவின் இனங்கள் இருக்கின்றனவே என்று ஒருவர் கேட்கலாம். தமிழர் மனத்துக்கு நெருக்கமான பெயரும் அங்கே உண்டு: பொசிலோதேரியா ரீகாலிஸ், 1899இல் பொகாக் என்பவரால் விவரிக்கப்பட்ட, அரக்கோணம் பகுதியின் மரப்பொந்துச் சிலந்தி. சாம்பல் நிறக் கோலம் வரைந்தது போன்ற அதன் முதுகைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இலங்கையின் மரக்காடுகளிலும் இதே பேரினம் வாழ்கிறது. ஆனால் இவை மின்னல் வேகத்தில் ஓடக்கூடியவை. கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கும் அளவுக்கு நஞ்சு வலியது. காடழிவாலும் வணிகத்தாலும் குறைந்துவருவதால், 2019இல் இந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெரியவர் ஒருவர் வாழும் வீட்டில், கூட்டைத் திறந்த கணத்தில் கையேறி ஓடும் இனத்தை வைப்பதற்கு என்னால் ஒப்ப முடியவில்லை. நம் பினாங்குக் கொடிமலையிலும் சொந்த டரான்டுலா உண்டு. 1892இல் சிமோன் பினாங்கிலிருந்து விவரித்த கோரெமியோக்நெமிஸ் குனிகுலேரியா, மலைச்சரிவுகளின் மண்ணில் வளை தோண்டி வாழ்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் இரவில் கைவிளக்கோடு பாதையோரம் நின்று பார்க்கலாம். தோண்டி எடுத்துவந்து பெட்டியில் வைப்பது அந்த மலைக்குச் செய்யும் தீங்கு, காட்டிலிருந்து பிடித்ததை எவர் விற்றாலும் வாங்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

இப்படியாக எஞ்சியது கிராமோஸ்டோலா புல்க்ரிப்பெஸ். பராகுவே, அர்ஜென்டினா நாடுகளின் சாக்கோ புல்வெளிகளைச் சேர்ந்தது. 1891இல் அதே சிமோன் விவரித்தது. பழைய கையேடுகளில் கிராமோஸ்டோலா ஆரியோஸ்ட்ரியாட்டா என்ற பெயரில் இருக்கும். கரும்பழுப்பு உடல், கால்முட்டிகளில் நீளவாக்கில் பொன்னிறக் கோடுகள். முழு வளர்ச்சியில் 20 செ.மீ. வரை வரும். இதற்கும் சுணைமுடிகள் உண்டு. ஆனால் உதறுவது அரிது, தொந்தரவு செய்தால் பெரும்பாலும் மெல்ல விலகிப் போகும். சாக்கோவின் கோடை கடுமையானது என்பதால் நம் வெப்பத்தைத் தாங்கும். உலர்ந்த மண்ணில் வாழும். எந்நேரமும் வளைக்குள் ஒளியாமல் வெளியே நின்று காட்சி தரும். வளர்ச்சி மிக மெதுவானது என்பது ஒன்றே குறை. முழு அளவை எட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகலாம். பெண்ணானால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்பதால் அந்தக் காத்திருப்பை நான் இழப்பாகக் கருதவில்லை.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, நடைமுறையில் உள்ளது. எந்த டரான்டுலாவானாலும் அதன் முழு அறிவியல் பெயரை எழுதிக்கொண்டு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகத்தில் கேட்டு, உரிமம் தேவை என்றால் அதைப் பெற்ற பிறகே பணம் கொடுக்க வேண்டும். விற்பவரிடம் சிலந்தி எங்கே பிறந்தது என்பதற்கான சான்றையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

நான் வாங்கியது வளர்ப்பில் பிறந்த, 9 செ.மீ. கால்விரிப்புள்ள இளம் சிலந்தி. வயிறு சுருங்காமல் உருண்டிருக்கிறதா, மூட்டுகளில் நீர் கசிகிறதா, வாயருகே வெண்மையான கசடு தென்படுகிறதா, கால்கள் உடலுக்கடியில் மடங்கிக் கிடக்கின்றனவா என்று நேரம் எடுத்துப் பார்த்தேன். வெண்கசடு இருந்தால் புழு ஒட்டுண்ணி என்று ஐயப்பட வேண்டும். மடங்கிய கால்கள் நீரிழப்பின் அடையாளம். விற்றவர் என் பொறுமையைக் கண்டு, "பொண்ணுதான்னு நெனைக்கிறேன் தம்பி, ஆனா அடுத்த சட்டையைப் பாத்துட்டு உறுதி பண்ணிக்குங்க" என்றார். சட்டை என்று அவர் சொன்னது உரித்த தோலை. விற்கும்போதே இப்படி நேர்மையாகச் சொல்பவரிடம் மேலும் இரண்டு வார்த்தை நம்பிக் கேட்கலாம்.

கூட்டை அக்ரிலிக்கில் செய்தேன். நீளம் 40 செ.மீ., அகலம் 30, உயரம் 30. கண்ணாடி மீன்தொட்டியில் காற்று மேல்வழியாக மட்டுமே போகும். எனக்குப் பக்கவாட்டில் ஊடுருவும் காற்று தேவைப்பட்டது. எதிரெதிரான இரு பக்கங்களில், ஒரு பக்கம் மண்மட்டத்துக்குச் சற்று மேலேயும் மறுபக்கம் மூடிக்குச் சற்றுக் கீழேயும், 3 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டேன். வெதுவெதுப்பான காற்று மேல்துளைகள் வழியே வெளியேற, கீழ்த்துளைகள் வழியே அறைக்காற்று உள்ளே வரும். அக்ரிலிக்கில் துளையிடும்போது இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டி, அடியில் மரத்துண்டு வைத்து, துரப்பணத்தை மெதுவாக ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் தகடு உருகும், அழுத்தம் கூடினால் விரிசல் விடும். துளைகளின் பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்து நீக்கியபின், ஒட்டுப்பசையின் வாடை முற்றிலும் போகும்வரை பெட்டியைத் திறந்தபடி பல நாள் காற்றாட வைத்தேன். மூடிக்குக் கம்பிவலை போடக்கூடாது. டரான்டுலாவின் கால்நுனி நகங்கள் வலைக்கண்ணில் சிக்கிக் கால் பிய்ந்துபோன நிகழ்வுகள் வளர்ப்போரிடையே பல உண்டு.

மண்ணுக்கு நாற்றுப்பண்ணையில் கிடைக்கும் தென்னைநார்த் தூள் கட்டிகளை வாங்கினேன். உரம் கலக்காதது என்று கேட்டு வாங்க வேண்டும். அதை வாளியில் ஊறவைத்து, பழுப்பு நீர் தெளியும் வரை அலசி, உப்பை நீக்கி, மாடியில் விரித்துக் காயவைத்தேன். அக்டோபர் மழையில் அது எளிதில் காயவில்லை. ஒரு பிடியை எடுத்து இறுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டாத நிலை போதாது. கையைத் திறந்ததும் உருண்டை தானாக உதிர வேண்டும். அந்த நிலையில், சலித்த களிமண்ணை மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து, பெட்டியில் 17 செ.மீ. உயரத்துக்கு நிரப்பிக் கையால் அழுத்தினேன். மண்ணுக்கும் மூடிக்கும் இடையே மிஞ்சிய 13 செ.மீ. தற்செயலாக விட்ட அளவு இல்லை. பெரிய டரான்டுலாவின் வயிறு மென்மையானது. கண்ணாடிச் சுவரில் ஏறி உயரத்திலிருந்து விழுந்தால் கிழிந்து சிலந்தி செத்துப்போகும். மேலே விடும் இடைவெளி கால்விரிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுக்காத விதியாகக் கடைப்பிடிக்கிறேன். மறைவிடத்துக்கு ஒரு மண் பூந்தொட்டியைப் பக்கவாட்டில் பாதி புதைத்தேன். தாழ்வான தண்ணீர்க் கிண்ணம் ஒன்றை மூலையில் வைத்தேன். மண்ணில் நீர் தெளிப்பதில்லை.

நம் வீடுகளில் கூட்டுக்கு வரும் முதல் பகை எறும்பு. தோலுரித்து மென்மையாகக் கிடக்கும் சிலந்தியை எறும்புக்கூட்டம் ஓர் இரவில் முடித்துவிடும். அடுக்கின் நான்கு கால்களையும் சோப்பு கரைத்த நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினேன். வெறும் தண்ணீர் வைத்தால் அதில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு டெங்கிக்கு இடம் கொடுத்துவிடும். சோப்பு நீரில் எறும்பும் மிதந்து கடக்க முடியாது. ஏடிஸ் முட்டைகள் கிண்ணத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு வறட்சியையும் தாங்குபவை என்பதால், வாரந்தோறும் நீரை மாற்றுவதோடு சுவரைத் தேய்த்தும் கழுவ வேண்டும்.

கொசு மருந்து இன்னும் பெரிய பகை. வீட்டில் அடிக்கும் தெளிப்பான்களிலும் கொசுவர்த்தியிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் சிலந்திகளைக் கொல்லக்கூடியவை. எங்கள் வீட்டில் அவற்றை நிறுத்திவிட்டு, சன்னல்களுக்கு வலை அடித்தோம், அம்மாவின் மூச்சுக்கும் அது நன்மையாயிற்று. குடியிருப்பில் டெங்கி கண்டால் சுகாதார ஊழியர்கள் புகை அடிக்க வருவார்கள்; அது மக்களுக்குத் தேவையான பணி, தடுக்கக்கூடாது. அறிவிப்புத் தாள் மின்தூக்கியருகே ஒட்டப்பட்டதும், கூடுகளை மூடியுள்ள பெரிய நெகிழித் தொட்டிகளில் இறக்கி, தொட்டிகளை வீட்டின் உட்புறக் குளியலறைக்கு மாற்றி, கதவடி இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து வைப்பேன். டரான்டுலாவின் மூச்சு மிக மெதுவானது. பெரிய தொட்டிக்குள் அடைபட்ட காற்று சில மணிநேரத்துக்குத் தாராளமாகப் போதும். வாடை அடங்கியபின் பின்னறையின் தரையையும் அடுக்கையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டே கூடுகளைத் திரும்ப வைக்க வேண்டும்.

கூட்டைத் திறக்கும் முறையையும் வகுத்துக்கொண்டேன். முதலில் கூரை விசிறியை நிறுத்துவேன். உதிர்ந்த சுணைமுடிகளை வீடு முழுவதும் பரப்புவது அதுதான். பிறகு கதவை மூடி, கண்ணாடியும் கையுறையும் அணிந்து, முகத்தைக் கூட்டுக்கு மேலே கொண்டுபோகாமல், 30 செ.மீ. நீள இடுக்கியால் மட்டுமே வேலை செய்வேன். சாதுவான இனம்தான், ஆனாலும் கையில் ஏற்றி விளையாடுவதில்லை. அதனால் சிலந்திக்கு எந்தப் பயனும் இல்லை. விழுந்தால் அதன் உயிர் போகும்.

உணவுக்குக் கடையில் விற்கும் சிள்வண்டுகளும் டுபியா கரப்பான்களும். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடக்கூடாது, அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது. பத்து நாளுக்கொரு முறை ஓர் இரை போதும். மறுநாளும் தின்னாத இரையை எடுத்துவிட வேண்டும். தோலுரிக்கும் நேரத்தில் சிள்வண்டு கடித்தால் சிலந்தியால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது.

குடிவந்து சில மாதங்களில் சிலந்தி உணவை மறுத்தது. வயிற்றின் வழுக்கைத் திட்டு கறுத்தது. புதிய முடிகள் தோலுக்கடியில் உருவாகிவிட்டதன் அடையாளம் அது. ஒருநாள் காலையில் மல்லாந்து கிடந்தது. இந்த நிலையைச் சாவு என்று எண்ணித் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு, தொடவே கூடாது. மாலைக்குள் பழைய தோல் ஒருபுறமும் வெளிறிய சிலந்தி மறுபுறமுமாகக் கிடந்தன. நச்சுப்பற்கள் பால்போல் வெளுத்திருந்து, பிறகு சிவந்து, நாள்போக்கில் கறுத்து இறுகின. அதுவரை உணவு கொடுக்கவில்லை.

உரித்த தோலிலும் சுணைமுடிகள் இருக்கும் என்பதால் கையுறையோடு எடுத்து, சோப்புத்துளி விட்ட நீரில் ஊறவைத்தேன். சுருண்டிருந்த வயிற்றுத்தோல் இளகியதும், வெள்ளைத் தட்டில் உட்புறம் மேலாக வருமாறு இரண்டு ஊசிகளால் விரித்தேன். நான்கு வெண்திட்டுகள் தெரிந்தன. அவை மூச்சுறுப்புகளான புத்தக நுரையீரல்களின் தடங்கள். முன்னிரண்டு திட்டுகளுக்கும் நடுவே, குறுக்காக ஓடும் மடிப்பின் விளிம்பில், உருப்பெருக்கியின் கீழ், அருகருகே இரண்டு சிறு மொட்டுகள் எழுந்து நின்றன. ஆணின் தோலில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இவை விந்துப்பைகள், எனவே பெண் என்பது உறுதியாயிற்று. கால்விரிப்பு இப்போது 11 செ.மீ. அது 15 செ.மீ.யைத் தாண்டும்போது 60 செ.மீ. நீளமுள்ள பெட்டி தேவைப்படும். கீழ்த்தட்டின் அளவை எடுத்து, அதற்கான தகடுகளை வெட்டக் கொடுத்திருக்கிறேன்.